எந்தப் புழுவுக்கு? பெரம்பலூர்க் கரிசலில் பி.டி. பருத்தி

பி.டி. பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் மரபணு வைத்த பருத்தி, போடலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "எந்தப் புழுவுக்காகக் கேக்கறீங்க?" என்பதுதான். பாதிப் பேர் முழிப்பார்கள். புழு என்றால் புழு, அதில் என்ன வகை என்ற நினைப்பு. ஆனால் அந்த விதைக்குள் வைத்திருக்கும் மரபணு சில புழுக்களை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். எதைப் பார்த்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்று தெரிந்து போட்டால் காசு மிஞ்சும். தெரியாமல் போட்டால் விதைக்கும் கொடுத்து, மருந்துக்கும் கொடுக்க வேண்டியதுதான்.

எங்களுக்குப் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டைப் பக்கம். மானாவாரிக் கரிசல். ஆவணி, புரட்டாசி மழைக்கு விதை ஊன்றி, மார்கழி, தையில் பருத்தி எடுப்போம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் விதை வாங்குவதிலிருந்து மூட்டை ஏற்றுவதுவரை நான்தான். நடுவில் மக்காச்சோளத்துக்கு மாறினோம். 2018ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ன ஆரம்பித்ததும் பாதிக் காடு மறுபடி பருத்திக்கே திரும்பியது.

என் மாமியாருக்கு பி.டி.க்கு முந்தைய காலம் நன்றாக நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் பயம் பச்சைக் காய்ப்புழு. ஒரு புழு ஒரு காயோடு நிற்காது. சப்பையை, அதான் பூ மொட்டை, கடிக்கும், அடுத்த காய்க்குப் போகும், தலையை உள்ளே விட்டு முக்கால் உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். பெண்கள் வரிசையாக நடந்து புழுவைப் பொறுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுவார்களாம். "அடிக்கிற மருந்துல நாங்கதான் மயங்கி விழுந்தோம், புழு விழல" என்பார் அத்தை. மருந்துக்குப் பழகிப்போன புழு அது. வாரம் தவறாமல் அடித்தும் கடனில் மூழ்கிய கதைகள் 1990களில் ஆந்திராவிலும் இங்கேயும் நிறைய.

அந்தப் புழுவைச் சமாளிக்கத்தான் 2002 மார்ச்சில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. மண்ணில் வாழும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணு ஒன்றை எடுத்துப் பருத்தியில் வைத்திருக்கிறார்கள். அதனால் செடியே ஒரு புரதத்தைச் செய்துகொள்கிறது. காய்ப்புழு இலையையோ காயையோ கடித்தால் அதன் குடலின் காரத்தன்மையில் இந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போட்டுவிடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அது ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை. 2002ல் வந்த விதையில் ஒரு மரபணு. 2006ல் வந்த போல்கார்டு 2ல் இரண்டு. 2009க்குப் பிறகு பருத்தியில் புது மரபணு எதற்கும் இந்தியாவில் விற்பனை அனுமதி கிடைக்கவில்லை. நாம் போட்டுக்கொண்டிருப்பது 2006ன் சரக்கு.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. அதை மறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பச்சைக் காய்ப்புழு இன்றைக்கும் எங்கள் காட்டில் பெரிய தொந்தரவு இல்லை. நாட்டுக் கணக்கில் ஹெக்டேருக்கு 300 கிலோ சொச்சமாக இருந்த பஞ்சு மகசூல் 2007-08ல் 550 கிலோவைத் தாண்டியது. ஆனால் அந்த உயர்வு முழுவதையும் மரபணுவின் பேரில் எழுதிவிட முடியாது. அதே வருடங்களில் புது வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன, விதைநேர்த்தி மருந்துகள் வந்தன, உரம் கூடியது, சில மாநிலங்களில் பாசனமும் கூடியது. அப்புறம் அந்த மகசூல் அங்கேயே நிற்கவும் இல்லை, கீழே இறங்கிவிட்டது.

கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் "பி.டி.க்கு மருந்தே வேணாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இந்த மரபணு ஒன்றுமே செய்யாது. தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாம் இலையைக் கடிக்கிற ஜாதி இல்லை. அவற்றுக்கு பி.டி.யும் ஒன்றுதான், பழைய சாதாரண ரகமான எல்.ஆர்.ஏ. 5166ம் ஒன்றுதான். சொல்லப்போனால் கொழுகொழுவென்று வளரும் ஒட்டு ரகங்களில் அவை இன்னும் சுகமாக இருக்கும். ஆக, புழுவுக்கு அடித்த மருந்து குறைந்தது, கொஞ்ச வருடத்தில் பூச்சிக்கு அடிக்கிற மருந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதில் உயிர்ச்சேதமும் உண்டு. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடம் எங்கள் மாவட்டத்திலும் மருந்தடித்தவர்கள் இறந்த செய்தி வந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிக்குள் நடந்துகொண்டே அடித்தால் மருந்து மூஞ்சியில்தான் விழும். எங்கள் காட்டில் தோள் உயரத்துக்கு மேல் செடி போனால் கைத்தெளிப்பானை எடுக்க விடமாட்டேன். அதற்கு முன்பே நுனியைக் கிள்ளிவிடுவோம். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்கி "காக்டெயில்" அடிப்பதும் கிடையாது. பக்கத்துக் கொல்லைக்காரர் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார், செய்யட்டும்.

சரி, இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இன்றைக்குப் பருத்திக்காரன் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். பச்சைப்புழு மாதிரி வெளியே தலை காட்டாது. குஞ்சாக இருக்கும்போதே காய்க்குள் போய்விடும், போன ஓட்டை மூடிக்கொள்ளும், வெளியே பார்த்தால் காய் பளபளவென்று இருக்கும். வெடிக்கும்போதுதான் தெரியும், சுளை பாதி விரிந்து பாதி ஒட்டிக்கொண்டு, பஞ்சு கறை படிந்து. அதை மண்டியில் கொட்டு என்று ஒதுக்கி விலையைப் பாதியாக்கிவிடுவார்கள்.

அதனால் காயை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். பூ விட்டதிலிருந்து நான் பார்ப்பது இரண்டு. ஒன்று பூ. சில பூக்கள் விரியாமல் இதழ்கள் சுருண்டு நூலால் தைத்த மாதிரி ஒட்டி நிற்கும். பிரித்தால் உள்ளே குட்டிப் புழு இருக்கும். ரோசெட் பூ என்கிறார்கள். கண்ட இடத்தில் பறித்து நசுக்கிவிட வேண்டும், மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் வீசக் கூடாது. இன்னொன்று காய். ஏக்கருக்கு 20 பச்சைக் காய், வரப்போரமாகவே பறிக்காமல் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பறிக்க வேண்டும். ரொம்பப் பிஞ்சும் வேண்டாம், முற்றினதும் வேண்டாம், அழுத்தினால் லேசாக அமுங்குகிற பதம். சுளையைப் பிரித்துக் கொட்டையைப் பார்த்தால் வெள்ளையாகவோ, வளர்ந்திருந்தால் இளஞ்சிவப்புக் கோடுகளோடோ புழு கிடக்கும். சில சமயம் இரண்டு கொட்டையை நூலால் ஒட்டி நடுவில் படுத்திருக்கும். 20ல் இரண்டு காயில் உயிரோடு புழு இருந்தால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் காட்டில் இந்த வேலையைச் செய்வது பருத்தி எடுக்க வரும் பெண்கள்தான். அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ரோசெட் பூ எனக்கே தெரியாது.

ஊன்றி 45 நாளில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துவிடுவோம். பெண் பூச்சியின் வாடையைக் காட்டி, இந்தப் புழு வளர்ந்து ஆகிற ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி அது. ஒரு பொறியில் ராத்திரிக்கு 8 அந்துப்பூச்சி வீதம் மூன்று ராத்திரி தொடர்ந்து விழுந்தால் அது எச்சரிக்கைக் கணக்கு. பொறிக்குள் வைக்கும் குப்பியைக் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், மாற்றவும் மறக்காதீர்கள். வாடை போன குப்பியில் பூச்சி விழாது. பூச்சி விழவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

இந்தப் புழு எப்படித் தப்பித்தது என்பதில்தான் சட்டம் வருகிறது. குஜராத்தில் முதல் மரபணுவுக்கு இது அசைந்து கொடுக்காது என்பது 2010க்குள் உறுதியானது. 2015க்குள் இரண்டு மரபணு விதையிலும் தின்ன ஆரம்பித்துவிட்டது. அனுமதி கொடுத்தபோதே இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பி.டி. காட்டைச் சுற்றி ஐந்து வரிசையோ, மொத்தப் பரப்பில் 20 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவு சாதாரணப் பருத்தி போட வேண்டும். அதில் வளரும் புழுவுக்கு விஷம் பழகியிருக்காது. விஷம் பழகின ஒன்றிரண்டு புழு பி.டி. செடியில் தப்பித்து அந்துப்பூச்சி ஆனாலும், சாதாரணச் செடியிலிருந்து பறந்து வரும் கூட்டத்தோடு சேர்ந்தால் அடுத்த தலைமுறை மறுபடி விஷத்துக்கு மடியும். இதற்காகவே 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாக வந்தது.

அந்தப் பொட்டலம் எங்கே போனது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். "புழுவுக்குன்னு தனியா காடு விட நாம என்ன ஜமீனா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஊருக்காக நஷ்டப்பட வேண்டும், பலன் எல்லோருக்கும் போகும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவனுக்கு எழுதின விதியை அப்படியே இங்கே ஒட்டினால் நடக்காது. எங்களுக்கு வந்த பொட்டல விதையும் சரியாக முளைக்கவில்லை, முளைத்தது வேறு பருவத்தில் பூ விட்டது. அப்புறம் சாதாரணப் பருத்திக்குப் பதில் துவரையை வரப்பில் போடலாம் என்றும் ஒரு வழி விட்டார்கள். பச்சைக் காய்ப்புழு துவரையையும் தின்னும், அதற்குச் சரி. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்திதான் சோறு. அதற்குத் துவரை எதற்கு ஆகும்? இப்போது சாதாரண விதையைப் பி.டி. விதையோடு கலந்தே ஒரே பாக்கெட்டில் 475 கிராமாகத் தருகிறார்கள். விவசாயி ஒதுக்கிவிட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு பரவாயில்லை. காலம் கடந்து வந்தது என்பதுதான் வருத்தம்.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. இந்தியாவில் பி.டி. கிட்டத்தட்ட முழுக்க ஒட்டு விதையில்தான் வந்தது. ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கும் எல்லாக் கொட்டையிலும் மரபணு ஒரே மாதிரி இறங்காது. சிலதில் இரண்டும் இருக்கும், சிலதில் ஒன்று, சிலதில் எதுவுமே இருக்காது. இளஞ்சிவப்புப் புழு தின்பது கொட்டையை. ஒரே காய்க்குள் விஷமுள்ள கொட்டையும் விஷமில்லாத கொட்டையும் அதற்குக் கலந்து கிடைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக விஷத்துக்குப் பழக இதைவிட வசதி வேறு வேண்டாம். போதாக்குறைக்கு ஒட்டு ரகங்கள் பலவும் ஐந்து ஆறு மாதம் காட்டில் நிற்கிறவை. பிந்தி வரும் புழுவுக்கு விருந்து. இதே புழுவை அமெரிக்கா பி.டி.யோடு மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டு, அறுவடைக்குப் பின் செடியை அழித்து, 2018ல் தன் பருத்திக் காடுகளிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. மரபணு இரண்டு நாட்டிலும் ஒரே குடும்பத்துச் சரக்குதான்.

எங்கள் ஊரில் மாற்ற முடிந்தது கடைசி மாதத்தைத்தான். முன்பெல்லாம் தைக்குப் பிறகும் "இன்னும் ரெண்டு எடுப்பு இருக்கு" என்று மாசி, பங்குனிவரை செடியை விட்டுவைப்போம். கிடைப்பது கொட்டுப் பருத்தி, கூலிக்கே சரியாகும். ஆனால் அந்தச் சொத்தைக் காய்களில்தான் புழு அடுத்த வருடத்துக்குத் தூங்கும். இப்போது கடைசி நல்ல எடுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுகிறோம். இலை, பிஞ்சு, வெடிக்காத காய் எல்லாம் ஆடு தின்றுவிடும், காட்டுக்கு எருவும் ஆச்சு. பி.டி. இலை தின்றால் ஆடு செத்துவிடும் என்று 2006 வாக்கில் வாரங்கல் பக்கமிருந்து ஒரு பேச்சு வந்து, இங்கே கிடைக்காரர்கள் கொஞ்ச காலம் பயந்தார்கள். எங்கள் காட்டில் வருடா வருடம் மேய்கிறது, ஒன்றும் ஆகவில்லை. நான் பயப்படுவது மருந்துக்கு. கடைசியாக எப்போது, என்ன அடித்தோம் என்று கிடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

பருத்திமாரை, அதாவது எடுப்பு முடிந்த பருத்திச் செடியின் குச்சியை, பிடுங்குவதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதை என்ன செய்வது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. பருத்திமார் நல்ல அடுப்பு விறகு. கொல்லைப்புறத்தில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்தால் மழைக்காலம்வரை வரும். அந்தக் கட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் காய்களில் புழு பத்திரமாக இருந்து, ஆவணியில் அந்துப்பூச்சியாகிக் காட்டுக்குப் போகும். அத்தை விறகை விடமாட்டேன் என்றார். சரி, காய்களை எல்லாம் உருவி எரித்துவிட்டு மாரை மட்டும் அடுக்குவது என்று முடிவானது. ஆள் கூலி கொஞ்சம் ஆகும், ஆனால் வீட்டில் சண்டை இல்லை. ஊரில் வசதி உள்ளவர்கள் டிராக்டரில் தூளாக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் காட்டிலேயே மண்ணோடு சேர்த்துவிடுகிறார்கள். அதுதான் உத்தமம்.

களைக்கொல்லி தாங்கும் பருத்தி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பைக்கில் ஒருவர் பை நிறைய பாக்கெட்டோடு வந்தார். "அக்கா, களையெடுப்பே கிடையாது. செடி மேலயே மருந்த அடிச்சிடலாம், களை மட்டும் கருகும்." களையெடுக்கும் கூலிதான் எங்கள் செலவில் பெரிய செலவு, ஆளும் கிடைப்பதில்லை. ஆசை வராமல் இல்லை. பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் பில்லு எப்படிக்கா குடுப்பாங்க?" என்றார். பாக்கெட்டில் கம்பெனி பெயர் இருந்தது, ஊர் இல்லை, லாட் நம்பர் இல்லை. இந்த விதைக்கு இந்தியாவில் அனுமதியே கிடையாது. விண்ணப்பித்திருந்த கம்பெனியும் 2016ல் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆனாலும் கள்ளத்தனமாக ஓடுகிறது. 2019ல் மகாராஷ்டிராவின் அகோலாவில் விவசாயிகள் சங்கம் ஒன்று "முடிந்தால் பிடியுங்கள்" என்கிற மாதிரி பகிரங்கமாகவே விதைத்தது. அவர்கள் கோபம் புரிகிறது. எனக்குத் தெரிந்த சிக்கல் வேறு. விதைப்பது சட்டத்துக்குப் புறம்பானது, முளைக்காவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது, புழுவுக்கான மரபணு அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் தெரியாது. நாங்கள் ஊடுபயிராக உளுந்து போடுகிறோம், களைக்கொல்லி அடித்தால் முதலில் கருகுவது அதுதான். களையெடுப்பில் தான் ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்குக் கூலி என்பதையும் ஒரு பெண்ணாக நான் கணக்கில் வைக்கிறேன்.

அதனால் விதை வாங்கும்போது நான் கறாராக இருப்பேன். பில்லில் ரகம், லாட் நம்பர் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். பாக்கெட்டில் பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விலையை மத்திய அரசு வருடா வருடம் நிர்ணயிக்கிறது. 2024-25ல் போல்கார்டு 2 பாக்கெட் ஒன்று 864 ரூபாயாக இருந்தது. அந்தந்த வருட அரசு விலைக்கு மேல் கேட்டால் ரகத்துக்குத் தட்டுப்பாடு என்று காரணம் சொல்வார்கள், வேறு கடைக்குப் போய்விடுவேன். ஊன்றின பிறகு காலி பாக்கெட்டையும் ஒரு கைப்பிடி விதையையும் எடுத்து வைப்பேன். முளைப்பு பழுதானால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்தில் கொடுத்து, அவர்கள் காட்டைப் பார்க்கும் முன் உழுதுவிடாமல் இருக்க வேண்டும். விதையால் நஷ்டப்பட்ட விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பட்டணத்தில் இருப்பவர்கள் மரபணுக் கத்தரிக்காயைப் பற்றித்தான் கேட்பார்கள். 2009ல் அதே மத்திய அரசுக் குழு அனுமதிக்கலாம் என்றது, ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013ல் அனுமதித்துவிட்டது. இங்கே நிறுத்தின கத்தரி 2019ல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் வயலிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. மரபணுக் கடுகுக்கு 2022ல் கொடுத்த அனுமதி உச்ச நீதிமன்றத்தில் 2024ல் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி நிற்கிறது. இதற்கு நடுவில் "மரபணு உணவு நம் நாட்டுக்குள் வரவே கூடாது" என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நாட்டில் விளைகிற பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி.தான். அந்தக் கொட்டையின் எண்ணெய் சமையலுக்குப் போகிறது, பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மதுரையில் குடிக்கிற பருத்திப்பாலின் கொட்டையும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கத்தரிக்கு வருடக்கணக்கில் கூட்டம் போட்டார்கள், நல்லதுதான். பருத்திக்கொட்டை மட்டும் யாரும் கேட்காமல் சட்டிக்குள் போய்விட்டது.

அனுமதிக்கு முன் நடக்கும் சோதனைகளில் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் குறை, விற்ற பிறகு நடப்பதில். ஐந்து வரிசை போட்டார்களா, புழு பழகுகிறதா, கள்ள விதை எவ்வளவு என்பதையெல்லாம் காட்டில் வந்து பார்க்கிற ஏற்பாடு விதை பரவிய வேகத்துக்கு ஈடாகப் பரவவில்லை.

எங்கள் காட்டில் இப்போது ஒரு பகுதிக்கு கோ 17 போட்டுப் பார்க்கிறோம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சாதாரண ரகம், பி.டி. கிடையாது. பக்கக் கிளை விரிக்காமல் நேராக வளரும், நெருக்கமாக ஊன்றலாம், 130 நாள் வாக்கில் முடிந்துவிடும். இளஞ்சிவப்புப் புழு கூட்டம் கூடும் முன் பெரும்பாலான காய் வெடித்துவிடுகிறது. விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்தும் வைக்கலாம். பச்சைப்புழுவுக்கு மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், வேப்பங்கொட்டைக் கரைசலும் கைவசம் இருக்க வேண்டும். மீதிக் காட்டில் பி.டி.தான், குறுகிய வயதுள்ள ஒட்டாகப் பார்த்து வாங்குகிறேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் முன்னே பின்னே போகாமல் ஒரே மழைக்கு ஊன்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம். பெரியவர் ஒருவர் மட்டும் ஆடியிலேயே ஊன்றுவேன் என்று அடம்பிடிக்கிறார். அவரிடம் நான் பேசினால் எடுபடாது, அத்தையைத்தான் அனுப்ப வேண்டும்.